வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கும் முன்: நகராட்சித் தீர்மானங்களைப் படித்துப் பார்ப்பது எப்படி?

எங்கள் வீட்டு மாடி 2 மழைக்காலம் ஒழுகியது. அதைச் சரிசெய்யக் கடன் வாங்க 5 மாதம் ஆனது. அந்த 5 மாதத்தில் வங்கிக்குப் போனதைவிட நகராட்சி அலுவலகத்துக்குப் போனதுதான் அதிகம். ஒரு வழியாகக் கடன் வந்து, தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்து, வாசல் படியையும் புதிதாகக் கட்டி முடித்தோம். இரண்டே மாதத்தில் தெருவில் வடிகாலும் சாலையும் போட ஆள் வந்தார்கள். புதுப் படியில் பாதி உடைந்தது, மீதி சாலைக்குள் புதைந்தது.

அந்தப் பணிக்கான தீர்மானம், நாங்கள் கடனுக்கு விண்ணப்பம் போட்ட அதே மாதம் மன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. நாங்கள்தான் பார்க்கவில்லை.

இந்த வழிகாட்டி அந்த அனுபவத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கிராம ஊராட்சிக்குச் சட்டமும் நடைமுறையும் வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

"நகராட்சியில் வீட்டுப் பழுதுக்குக் கடன் தருகிறார்களாமே?" என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் நகர மன்றமே அப்படிக் கடன் தருகிறது. அதைப் படித்துவிட்டு வரும் கேள்வியாக இருக்கலாம். நம் ஊரில் கடன் தருவது வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனம், கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் போன்றவைதான். நகராட்சி தருவதில்லை.

அப்படியானால் பிரதமர் வீட்டு வசதித் திட்டம்? அது 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நகர்ப்புறத்துக்கான அதன் இரண்டாம் கட்டம் 2024-ல் வந்தது. அதில் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ளும் பிரிவுக்குப் பயனாளிகளைச் சேர்ப்பதில் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் அது நாட்டில் எங்குமே நல்ல கான்கிரீட் வீடு இல்லாத குடும்பத்துக்கானது. ஏற்கெனவே தளம் போட்ட வீட்டில் ஒழுகலை அடைக்க அதிலிருந்து பணம் வராது. இடைத்தரகர் யாராவது "லிஸ்டில் பேர் சேர்த்துத் தருகிறேன்" என்றால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, கடனே தராத நகராட்சி ஏன் இவ்வளவு முக்கியம்? ஏனென்றால் வங்கி கேட்கும் காகிதங்களில் பாதி அங்கிருந்துதான் வர வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதையும் அங்கு எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சாலை உயரம், வடிகால், பாதாள சாக்கடை, சொத்து வரி எல்லாம் மன்ற மேசையைத் தொட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வருகின்றன.

படி 1: காகிதத்தில் இருக்கும் வீடும் நிஜ வீடும் ஒன்றா?

பழைய வீடுகளில் இது அநேகமாக ஒன்றாக இருக்காது. அப்பா காலத்தில் 600 சதுர அடிக்கு வரைபட அனுமதி வாங்கியிருப்பார்கள். பின்னால் ஒரு அறை, மாடியில் ஒரு ஷெட், முன்னால் ஒரு போர்டிகோ என்று வீடு தானாக வளர்ந்திருக்கும். சொத்து வரி ரசீதில் இன்னும் தாத்தா பெயர் இருக்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து டேப் பிடித்து அளக்கும் அன்றுதான் இது வெளியே தெரியும்.

அதற்கு முன்னால் நீங்களே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். தாய்ப் பத்திரம், உங்கள் பெயரில் உள்ள பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் அல்லது பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், கடைசி அரையாண்டுச் சொத்து வரி ரசீது, குடிநீர்க் கட்டண ரசீது. இத்தனையிலும் பெயர், கதவு எண், அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தெருவுக்குப் புதிய பெயர், வீட்டுக்குப் புதிய கதவு எண் என்று மாறியிருந்தால் பழையதும் புதியதும் ஒன்றுதான் என்று காட்ட ஒரு காகிதம் தேவைப்படும்.

சொத்து வரியில் பெயர் மாற்றம் செய்யாமல் விட்டிருந்தால் அதைத்தான் முதலில் கையில் எடுங்கள். இணையவழியில் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் உங்கள் பகுதி பில் கலெக்டரை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது. எங்கள் விண்ணப்பம் 6 வாரம் நகரவில்லை. காரணம், இறப்புச் சான்றில் இருந்த பெயரும் பத்திரத்தில் இருந்த பெயரும் ஓர் எழுத்து வித்தியாசம். அதை எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

வரி ரசீது என்பது சொத்தின் உரிமைக்கு ஆதாரம் ஆகாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு "வீடு என் பெயரில் இருக்கிறது" என்று வங்கியில் வாதாடிப் பயனில்லை. பட்டா இல்லாத புறம்போக்கு வீடு என்றால், வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் வழி அடைபட்டுவிடும்.

படி 2: எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்

கட்டட அனுமதிக்கான விதிகள் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கின்றன. நடைமுறையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கோடு எளிது. பூச்சு, வெள்ளையடிப்பு, தரை மாற்றுவது, கதவு ஜன்னல் மாற்றுவது, மாடித் தட்டோடு பதிப்பது போன்ற பராமரிப்புக்கு வரைபட அனுமதி தேவையில்லை. கட்டடத்தின் பரப்போ, உயரமோ, தாங்கும் சுவரோ, தூணோ மாறினால் தேவை. ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதைப் பலர் "பழுதுபார்ப்பு" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு அனுமதி எடுத்தே ஆக வேண்டும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு சின்ன வீடுகளுக்கு இது சுலபமாகிவிட்டது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பு என்றால், இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். ஆனால் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், "சுயசான்று". விவரம் தவறாக இருந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

கொத்தனார் "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க சார்" என்பார். நகராட்சி கேட்காமல் விடலாம். கடனை விடுவிக்கும் முன் வங்கியின் சட்ட ஆலோசகர் கேட்பார்.

படி 3: உங்கள் தெருவுக்கு என்ன வரப்போகிறது?

இதுதான் நாங்கள் தவறவிட்ட படி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு எப்படி என்று பார்த்துவிடலாம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் நகர உள்ளாட்சிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. அதோடு சேர்ந்த 12-ஆவது அட்டவணையில் 18 பணிகள் இருக்கின்றன: சாலை, குடிநீர், துப்புரவு, கட்டட ஒழுங்குமுறை என்று. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ல் வந்த அதன் விதிகளும் இப்போது எல்லா நகர உள்ளாட்சிகளுக்கும் பொது. அதற்கு முன்னால் சென்னைக்கு 1919 சட்டம், நகராட்சிகளுக்கு 1920 சட்டம் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆவணங்களில் அந்தச் சட்டங்களின் பிரிவு எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம்.

முடிவெடுப்பது மன்றம். செயல்படுத்துவது ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர். மாநகராட்சியில் நடுவே மண்டலக் குழுவும் நிலைக்குழுக்களும் உண்டு. சென்னையில் 200 வார்டுகள், பல மண்டலங்கள் என்பதால் தெருவளவிலான பேச்சு பெரும்பாலும் மண்டலக் குழுவில்தான் நடக்கும். ரிப்பன் மாளிகைக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நம் தெரு வரவில்லையே என்று ஏமாறுவதில் அர்த்தமில்லை.

மன்றக் கூட்டம் வழக்கமாக மாதம் ஒரு முறை நடக்கும். அதற்கு முன் உறுப்பினர்களுக்குக் கூட்டப் பொருள் அனுப்புவார்கள். எல்லோரும் "அஜெண்டா" என்றே சொல்லும் அந்தக் காகிதக் கட்டுதான் நமக்கு வேண்டியது. சில உள்ளாட்சிகள் அதையும் தீர்மானங்களையும் இணையதளத்தில் போடுகின்றன, சில போடுவதே இல்லை. போடாத ஊரில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி இருக்கும். "கொஞ்சம் பார்த்துட்டுத் தரேன்" என்று கேட்டால் பெரும்பாலானோர் தருவார்கள். அதில் ரகசியம் எதுவும் கிடையாது.

கையில் கிடைத்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். வார்டு எண்ணைத் தேடுங்கள், அப்புறம் தெருப் பெயரை. உங்கள் தெரு மட்டும் போதாது, தண்ணீர் ஓடிப்போய்ச் சேரும் தெருவையும் பாருங்கள். அங்கே வடிகால் உயர்ந்தால் உங்கள் தெருவில்தான் தண்ணீர் தேங்கும்.

படி 4: ஒரு பொருளை எப்படிப் படிப்பது

அலுவலகக் குறிப்பின் தமிழ் தனி ரகம். பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். மாதிரிக்கு ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்:

"வார்டு எண் 14-க்கு உட்பட்ட மேலத் தெருவில் மழைநீர் வடிகால் அமைத்துத் தார்ச்சாலை புதுப்பிக்கும் பணிக்கு ரூ.18.50 லட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. மேற்படி பணியை பொது நிதியிலிருந்து மேற்கொள்ளவும், நிர்வாக அனுமதி வழங்கவும், அவசர அவசியம் கருதி மன்ற அனுமதியை எதிர்நோக்கி ஒப்பந்தப்புள்ளி கோரியதை ஏற்கவும் மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது."

இதில் நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

"மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது" என்றால் பொறியாளர் வந்து தெருவை அளந்துவிட்டார் என்று பொருள். அந்த மதிப்பீட்டுக் கோப்பில் வடிகாலின் நீளம், ஆழம், சாலையின் கனம் எல்லாம் இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

"பொது நிதியிலிருந்து" என்றால் உள்ளாட்சியின் சொந்த வருவாயிலிருந்து. இங்கே ஒரு திட்டத்தின் பெயரோ, நிதி ஆணைய மானியம் என்றோ இருந்தால் பணம் வெளியிலிருந்து வர வேண்டும். சொந்த நிதிப் பணி கஜானா காலியானால் தள்ளிப்போகும். திட்ட நிதிப் பணியோ மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டமாக ஓடும். "நமக்கு நாமே" திட்டம் என்று இருந்தால் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டியாக வேண்டும். யார் கட்டினார்கள் என்று விசாரித்தால் தெருவில் யாருக்கு அந்த வேலை அவசரம் என்பது தெரிந்துவிடும்.

"மன்ற அனுமதியை எதிர்நோக்கி" என்பதுதான் எனக்குப் பிடித்த சொற்றொடர். வேலை ஏற்கெனவே நகர்ந்துவிட்டது, இப்போது சடங்குக்காகக் கேட்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். இந்த வரியைப் பார்த்தால் வாசல் படி கட்டும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள். வெறும் "நிர்வாக அனுமதி வழங்க" என்று மட்டும் இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. பின்னால் தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), பணி ஆணை என்று வரிசையாக வர வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்கே மாநில விதிப்படி ரூ.2 கோடி வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும்.

"பார்வைக்கும் முடிவுக்கும்" என்றால் மன்றம் முடிவெடுக்க வேண்டும். "பார்வைக்கு" மட்டும் என்றால் தகவல் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அஜெண்டாவில் வந்ததெல்லாம் தீர்மானம் ஆகிவிடாது. கூட்டம் முடிந்த பிறகு "நிறைவேற்றப்பட்டது", "ஒத்திவைக்கப்பட்டது" என்று எதிரே எழுதுவார்கள். தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த மனு எழுதினாலும் அந்த எண் இருந்தால் பதில் வரும் வேகமே வேறு. "எங்கள் தெருவில் ரோடு போடப் போவதாகக் கேள்விப்பட்டோம்" என்று தொடங்கும் மனுவை மேசையில் யாரும் மதிப்பதில்லை.

சில முடிவுகள் மன்றத்தில் பிறப்பதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்ததே, அது மாநில அரசு அறிவித்த விகிதம். சென்னையின் பழைய பகுதிகளுக்கு வெளியே, 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று வந்தது. பிறகு மன்றங்கள் தீர்மானம் போட்டு அதை ஏற்றன. அந்தக் கோபத்தைக் கவுன்சிலரிடம் காட்டியவர்கள் நிறைய. அவர் கையில் இருந்தது மிகக் குறைவு.

படி 5: சாலை உயரம், வடிகால் மட்டம்

வீட்டுப் பழுதும் நகரச் சேவையும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, எத்தனையோ தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. சாலையிலிருந்து இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. அதனால் சுவரில் ஓதம் ஏறுகிறது, கழிவுநீர் எதிர்த்து வருகிறது. கடைசியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள்.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், வீடுகளைவிடச் சாலை உயரக் கூடாது என்று 2021-ல் மாநிலத் தலைமைச் செயலரே துறைகளுக்கு எழுதியிருக்கிறார். ஆக, கேட்பது உங்கள் உரிமை. கேட்க வேண்டிய நேரம் மதிப்பீடு தயாராகும்போது. தார் லாரி வந்து நின்ற பிறகு கேட்டால் ஒப்பந்தக்காரர் "எஸ்டிமேட்டில் சுரண்டல் வேலை இல்லை" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

எனவே உங்கள் பகுதி உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மதிப்பீட்டில் பழைய சாலையைச் சுரண்டும் பணி இருக்கிறதா? முடிந்த பிறகு சாலையின் நடுமட்டம் இப்போதைவிட எவ்வளவு கூடும்? வடிகாலின் மூடி எங்கள் வாசலைவிட எவ்வளவு உயரம் அல்லது தாழ்வு? பதில் கிடைத்த பிறகு உங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் பிடித்துச் சுவரில் கோடு போட்டுவையுங்கள். வாசல் படி, தரைமட்டம், கழிவுநீர்க் குழாயின் சரிவு எல்லாம் அந்தக் கோட்டை வைத்து முடிவாக வேண்டும்.

பாதாள சாக்கடை வரப்போகிறது என்றால் புது செப்டிக் டேங்க் கட்டக் கடனில் பணம் ஒதுக்காதீர்கள். வந்துவிட்டது, ஆனால் இணைப்பு எடுக்கவில்லை என்றால், சாலை போடும் முன்பே எடுத்துவிடுங்கள். புதுச் சாலையை வெட்ட அனுமதி வாங்குவது பெரும்பாடு. சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுவதற்கு அனுமதியையே நிறுத்திவைப்பது வழக்கம்.

படி 6: எங்கே பேசுவது

கவுன்சிலரைத் தவிர இன்னொரு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரையும் உறுப்பினராகக் கொண்டது பகுதி சபை. கிராம சபை போலத்தான், ஆனால் நகரத்துக்கு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பல ஊர்களில் முதல் முறையாகக் கூட்டினார்கள்.

கூட்டம் நடக்கும் செய்தி பல தெருக்களுக்கு வருவதே இல்லை. நடந்தாலும் குப்பை வண்டி வரவில்லை, நாய்த் தொல்லை என்று பேச்சு அலையும். அங்கே போய் உங்கள் பிரச்சினையை 2 நிமிடத்தில், தெருப் பெயர், நீளம், தீர்மான எண்ணோடு சொல்லிவிட்டு, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறார்களா என்று நின்று பாருங்கள். எழுதாத பேச்சு காற்றோடு போய்விடும். வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் ஆண்டின் முதல் 3 மாதங்களில் வைக்கப்படுவதால், கோரிக்கை டிசம்பருக்குள் போய்ச் சேருவது நல்லது.

தெருவில் 10 வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே மனு, பத்துத் தனி மனுக்களைவிட வேலை செய்கிறது என்பது என் அனுபவம். ஆனால் கையெழுத்து வாங்கப் போனால் எதிர்வீட்டுக்காரர் "ரோடு உயர்ந்தா எனக்கு நல்லதுதானே" என்பார். அவர் வீடு மேட்டில் இருக்கும். அவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

படி 7: பதில் வராவிட்டால்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் ரூ.10, நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். இணையவழியிலும் மாநில அரசுத் துறைகளுக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் மனு போடலாம், அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

"ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு "தகவல் கோப்பில் இல்லை" என்று எளிதாகப் பதில் எழுதிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதித் தீர்மானத்தின் நகல், இன்ன பணியின் மதிப்பீட்டு நகல், பணி ஆணை நகல், முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். ஒரு நிர்வாக முடிவால் நீங்களே நேரடியாகப் பாதிக்கப்பட்டிருந்தால், காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று இதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அதை மனுவில் குறிப்பிடலாம்.

ஆனால் ஒன்று. கடன் கோப்பு வங்கியில் காத்திருக்கும்போது 30 நாள், 60 நாள் என்று இதில் இறங்கினால் கடன் அனுமதிக்கு வங்கி தரும் காலக்கெடு முடிந்துவிடலாம். நேரில் போய்க் கேட்டால் கிடைக்கும் நகலுக்கு மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 8: இப்போது வங்கிக்குப் போகலாம்

வீட்டுப் பழுதுக்கு மூன்று விதமாகக் கடன் வாங்குகிறார்கள். ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் மேல் கூடுதலாக வாங்கும் டாப்-அப் கடன். இல்லையென்றால் வீட்டுச் சீரமைப்புக்கென்றே உள்ள கடன். மூன்றாவதாக, அதிகம் பேர் உண்மையில் செய்வது, நகைக்கடன்.

2 லட்ச ரூபாய்க்குள் முடியும் மாடி வேலைக்கு நகைக்கடன்தான் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன். வரைபடம் வேண்டாம், சட்டக் கருத்து வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வருடத்துக்குள் மீட்க முடியும் என்ற உறுதி மட்டும் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகை, 5 வருடமாவது ஆகும் என்றால் சீரமைப்புக் கடனுக்கே போங்கள். தனிநபர் கடனை விட வட்டி பொதுவாகக் குறைவு.

சீரமைப்புக் கடன் தர வங்கிகளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரத்தில் ரூ.15 லட்சம் வரை, 10 முதல் 50 லட்சம் உள்ள ஊரில் ரூ.12 லட்சம் வரை, மற்ற ஊர்களில் ரூ.10 லட்சம் வரையிலான வீட்டுப் பழுதுக் கடன்கள், வங்கிகள் கட்டாயம் ஒரு பங்கு கடன் தர வேண்டிய முன்னுரிமைத் துறைக் கணக்கில் சேரும். அதற்காக மேலாளர் உங்களை வாசலில் வந்து வரவேற்பார் என்றில்லை. "பழுதுக்கெல்லாம் கடன் கிடையாது" என்று கவுன்டரில் சொன்னால், கிடையாது என்பது உண்மை அல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவுதான்.

பொறியாளரிடம் வாங்கும் எஸ்டிமேட்டில் வேலையை வரிவரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பழைய தட்டோடு பெயர்ப்பது, குப்பையை அள்ளி அப்புறப்படுத்துவது, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, புதுத் தட்டோடு, குழாய் வேலை, மழைநீர் சேகரிப்புத் தொட்டியைச் சுத்தம் செய்து மறுபடி மணல் ஜல்லி போடுவது. இந்தக் கடைசி வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியைத் தோண்டும்போதே அதையும் சரிசெய்தால் தனியாக ஆள் கூப்பிட வேண்டாம். வாசல் படி, தரை உயர்த்துவது போன்ற தெரு மட்டத்தைச் சார்ந்த வேலைகளைத் தனிப் பகுதியாக எழுதவையுங்கள். வங்கி பணத்தைத் தவணைகளாக விடுவிக்கும்போது அந்தப் பகுதியைக் கடைசித் தவணைக்குத் தள்ளலாம். சாலை வேலை முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்.

வங்கி முழு எஸ்டிமேட்டுக்கும் கடன் தராது. மீதியை முதலில் நீங்கள் போட்டுக் காட்ட வேண்டும். பழைய வீட்டில் பெயர்த்துப் பார்த்தால்தான் தெரியும் சேதமும் உண்டு. எங்கள் வீட்டில் தட்டோட்டை எடுத்ததும் கம்பியே துருப்பிடித்து உப்பியிருந்தது. நூற்றுக்கு 15 ரூபாயாவது கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், சொந்த வீட்டில் குடியிருந்தால், பழுதுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரைதான் கழிக்க முடியும். வாங்குவதற்கும் கட்டுவதற்கும் உள்ள ரூ.2 லட்சம் இதற்குப் பொருந்தாது. பல தரகர்கள் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

படி 9: வேலை முடிந்த பிறகு

பரப்பளவு கூடியிருந்தால் சொத்து வரி மறுமதிப்பீடு வரும். அவர்களாக வந்து கண்டுபிடிக்கும் முன் நீங்களே தெரிவித்துவிட்டால் பின்தேதியிட்ட பாக்கி சேராது. பரப்பு கூடாமல், பூச்சும் தட்டோடும் மட்டும் செய்ததற்கு யாராவது வரியை உயர்த்த வந்தால், எஸ்டிமேட்டையும் பழைய வரைபடத்தையும் காட்டி எழுத்தில் ஆட்சேபியுங்கள். அறிவிப்பில் குறிப்பிட்ட கெடு நாளை மட்டும் தாண்டவிடாதீர்கள். அரையாண்டு வரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் ரூ.5,000.

தெருவில் மிச்சம் கிடக்கும் கட்டட இடிபாட்டை வடிகால் ஓரம் கொட்டிவைத்தால் அபராதம் வரும், மழைக்கு உங்கள் வீட்டுக்கே தண்ணீரும் வரும். டிராக்டருக்கான செலவையும் எஸ்டிமேட்டில் சேர்த்திருக்க வேண்டும்.

கடன் முடிந்த அன்று பெரும்பாலானோர் செய்யத் தவறும் ஒரு வேலை இருக்கிறது. பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமை ஆவண ஒப்படைப்பைப் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும் வங்கி தானாக அதை நீக்கிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ரசீது ஆவணம் ஒன்றைப் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் முடிந்ததாகக் காட்டும். அசல் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறு வங்கியுடையது என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பழைய வரைபடத்தின் அசல் அதில் இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். எங்களுடையது கோப்பின் அடியில் வேறொருவர் பத்திரத்தோடு ஒட்டிக்கிடந்தது.